ஆசிரியர் இன்றிப் பியானோ: சேலம் அம்மாபேட்டையிலிருந்து ஒரு பயிற்சிப் பதிவு

ஜெர்மானிய இசையமைப்பாளர் கிறிஸ்டியான் பெட்ஸோல்ட் எழுதிய ஜி மேஜர் மினுவெட் என்ற நடன இசை உருப்படியின் 32 மெஷர்களையும் (தாளச் சுற்றுகளையும்), நிமிடத்துக்கு 108 தட்டு வேகத்தில், இரு கைகளாலும் எங்கும் நிற்காமல் வாசித்துப் பதிவு செய்ய முடிந்திருப்பதால் இந்தக் குறிப்பை எழுதுகிறேன். பியானோ கற்பவர்கள் தொடக்க நிலையிலேயே தொடும் சிறிய உருப்படி இது. பாஹ் குடும்பத்தின் 1725-ஆம் ஆண்டு இசைக் குறிப்பேட்டில் இடம்பெற்றிருப்பதால் நெடுங்காலம் யோஹான் செபாஸ்டியன் பாஹ் எழுதியதாகவே கருதப்பட்டு, பின்னர் பெட்ஸோல்டின் ஆக்கம் என்று தெளிவானது. முறையாக வகுப்புக்குச் செல்பவர் விரைவில் கடந்துவிடும் இந்த உருப்படிக்கு எனக்கு ஓராண்டுக்கும் மேல் ஆயிற்று. அந்தக் காலத்தின் பெரும்பகுதி விரல்களுக்காகச் செலவானதன்று. அருகில் அமர்ந்து பார்த்தும் கேட்டும் திருத்துகிற ஒருவர் என்னென்ன வேலைகளைச் செய்கிறார் என்று பிரித்தறிந்து, ஒவ்வொன்றுக்கும் ஈடாக ஒரு கருவியையோ ஓர் அளவையோ அமைத்துக்கொள்வதில் செலவானது. அந்த ஈடுகள் அமைந்த பிறகே கை முன்னேறியது. அவற்றை அமைத்த வரிசையிலேயே இங்கே பதிந்துவைக்கிறேன்.

இதற்கு முன் எனக்குத் தெரிந்திருந்தது ஹார்மோனியம். மார்கழி பஜனைகளிலும் எங்கள் தெருக் கோயில் விழாக்களிலும் பல ஆண்டுகள் வாசித்திருப்பதால், எந்தச் சுரம் எந்தக் கட்டையில் இருக்கிறது என்பதைப் புதிதாகக் கற்க வேண்டியிருக்கவில்லை. ஆனால் ஹார்மோனியத்தில் இடக்கைக்குத் துருத்தி போடுவது ஒன்றே வேலை என்பதால், அந்தக் கையின் நான்காம், ஐந்தாம் விரல்கள் தனித்து இயங்கிப் பழகியதே இல்லை. மேலும், கட்டையை மெல்ல அழுத்தினாலும் ஓங்கி அழுத்தினாலும் ஹார்மோனியத்தின் ஒலியளவு மாறுவதில்லை. காற்றின் அழுத்தமே அதைத் தீர்மானிக்கிறது. பியானோவிலோ கட்டை எவ்வளவு விரைவாகக் கீழிறங்குகிறதோ அதைப் பொறுத்தே சுத்தியல் கம்பியைத் தாக்கும் வேகம் அமைகிறது. 1700-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஃபிளாரன்ஸ் நகரில் பார்த்தலோமேயோ கிறிஸ்டோஃபோரி உருவாக்கிய பொறியமைப்பின் சிறப்பே, மெல்லொலியையும் வல்லொலியையும் விரலிடம் ஒப்படைத்ததுதான். ஆகவே வலக்கை ஓரளவு அறிந்ததாகவும், இடக்கை ஏதும் அறியாததாகவும், விரலின் அழுத்தம் இரண்டுக்குமே புதியதாகவும் இருந்த நிலையில் தொடங்கினேன். நூல் கடையில் கணக்கு வேலை முடிந்து வீடு திரும்ப இரவு ஒன்பது மணி ஆகிவிடும் என்பதால் எந்த வகுப்பு நேரமும் எனக்குப் பொருந்தவில்லை.

கருவியைத் தேர்ந்தெடுப்பதில் அதிகம் தயங்கவில்லை. திரையிசைக்கும் பஜனைக்கும் பயன்படும் 61 கட்டைக் கீபோர்டு விலை குறைவுதான். ஆனால் அதன் கட்டைகள் எடையற்றவை, சுருள்வில்லின் விசையில் எழும்புபவை. பியானோவின் கட்டையை அசைக்க ஏறத்தாழ 50 கிராம் எடை தேவைப்படுகிறது, அது ஏறத்தாழ ஒரு செ.மீ. ஆழம் இறங்குகிறது. அந்த எடையையும் ஆழத்தையும் ஓரளவுக்கேனும் போலச் செய்யும் 88 கட்டை டிஜிட்டல் பியானோதான் வேண்டும் என்று முடிவு செய்து, ஃபேர்லேண்ட்ஸ் பகுதியில் ஒரு வீட்டில் பிள்ளை கல்லூரிக்குச் சென்றுவிட்டதால் விற்பனைக்கு வந்த யமஹா பி-45 ஒன்றை ரூ.24,000-க்கு வாங்கினேன். பழைய கருவி வாங்குபவர்கள் 52 வெள்ளைக் கட்டைகளையும் 36 கருப்புக் கட்டைகளையும் ஒன்று விடாமல் மெல்ல, நடுத்தரமாக, ஓங்கி என மூன்று விதமாக அழுத்திப் பார்க்க வேண்டும். ஒரு கட்டை மட்டும் பக்கத்துக் கட்டையைவிடத் திடீரென்று உரக்க ஒலித்தால் அதன் உணரி தேய்ந்திருக்கலாம். ஒலியை நீட்டிக்கக் காலால் மிதிக்கும் பெடலை மின்சாரம் போடுவதற்கு முன்பே செருகி, போடும்போது மிதிக்காமல் இருந்து சோதிக்க வேண்டும். மிதித்தபடியே மின்சாரம் கொடுத்தால் பெடலின் வேலை தலைகீழாக மாறி, கருவி பழுதானதுபோலத் தோன்றும்.

வீட்டுக்கு வந்த பியானோ முதலில் சாப்பாட்டு மேசையில்தான் அமர்ந்தது. மேசையின் உயரம் 75 செ.மீ.; கருவி ஏறியபின் கட்டைகளின் மேற்பரப்பு 85 செ.மீ. அளவுக்கு வந்தது. நான் அமர்ந்த பிளாஸ்டிக் நாற்காலியின் இருக்கையோ 42 செ.மீ. உயரத்தில் பின்புறம் சரிந்திருந்தது. முழங்கை கட்டைகளுக்குக் கீழே நெடுந்தூரம் தாழ்ந்திருந்ததால், விரல்களை மேலே வைக்க மணிக்கட்டை மடக்க வேண்டியிருந்தது. சில வாரங்களில் வலது மணிக்கட்டின் மேற்புறத்தில் வலி தொடங்கியது. ஹார்மோனியத்தைத் தரையில் அமர்ந்து வாசித்துப் பழகிய உடலுக்கு இந்த உயரக் கணக்கு புலப்படவில்லை. வகுப்பில் முதல் நாளிலேயே இதைத் திருத்தியிருப்பார்கள். கைப்பேசியை எதிரிலிருந்த பீரோவின் நடுத்தட்டில் சாய்த்துவைத்துப் பக்கவாட்டிலிருந்து படம் எடுத்துப் பார்த்தபோதுதான், முன்கை ஒரு சாய்வாகவும் புறங்கை இன்னொரு சாய்வாகவும் முறிந்து தெரிந்தன. அன்று முதல் வலி முழுவதும் தணியும்வரை வாசிப்பதை நிறுத்திவிட்டு, தாங்கி செய்யும் வேலையில் இறங்கினேன்.

உண்மையான பியானோக்களில் கட்டைகளின் மேற்பரப்பு தரையிலிருந்து பெரும்பாலும் 72 முதல் 74 செ.மீ. உயரத்தில் அமைகிறது. 73 செ.மீ. என்று வைத்துக்கொண்டு, கருவியின் அடிப்பகுதியிலிருந்து கட்டை வரையுள்ள உயரத்தைக் கழித்துத் தாங்கியின் மேல்மட்டத்தை 63 செ.மீ. எனக் கணக்கிட்டேன். கடைகளில் கிடைக்கும் எக்ஸ் வடிவத் தாங்கி முழங்கால்களுக்கு இடையூறாக இருந்தது. மேலும் ஓங்கி வாசித்தால் ஆடியது. எனவே சேலத்தின் குகைப் பகுதியில் ஒரு வெல்டிங் பட்டறையில், ஒரு அங்குலச் சதுரக் குழாயில், 16 கேஜ் கனத்தில் செய்யச் சொன்னேன். நான் வரைந்து கொண்டுபோன படத்தில் இரண்டு பக்கச் சட்டங்கள் மட்டுமே இருந்தன. பட்டறைக்காரர் அதைப் பார்த்தவுடன், “ரெண்டு காலும் தனித்தனியா நின்னா ஆடும்ங்க சார், பின்னாடி குறுக்கே ஒண்ணு, கீழே ஒண்ணு போட்டுக்கலாம்ங்க” என்றார். அவர் சொன்னபடி பின்புறம் முழங்கால் உயரத்துக்கு மேல் ஒரு குறுக்குக் குழாயும், தரையிலிருந்து 10 செ.மீ. உயரத்தில் இன்னொன்றும் சேர்ந்தன. நான்கு கால்களின் அடியிலும் நட்டு ஒன்றை வைத்துப் பற்றவைத்து, அதில் போல்ட்டைத் திருகி உயரத்தை ஒன்றரை செ.மீ. வரை கூட்டவும் குறைக்கவும் வழி செய்துகொண்டோம். 11.5 கிலோ எடையுள்ள கருவிக்கு இது மிகையான வலிமைதான். ஆனால் தாங்கி சிறிதும் ஆடாதபோதுதான் விரலின் அழுத்தம் முழுவதும் கட்டைக்குப் போகிறது என்பதை முதல் மாலையே உணர்ந்தேன். பெயின்ட் உட்பட ரூ.2,600 ஆயிற்று.

இருக்கையை அதற்கேற்பத் தச்சரிடம் தனியாகச் செய்துகொண்டேன். சாய்மானமில்லாத, தட்டையான, 75 செ.மீ. நீளமும் 33 செ.மீ. அகலமும் கொண்ட மரப்பலகை. உயரம் மேலே ஒட்டிய பஞ்சுடன் 48 செ.மீ. அமர்ந்து மேற்கையைத் தளர விட்டால் முழங்கை கட்டையின் மட்டத்துக்குச் சற்று மேலே நிற்கிறது. பலகையின் முன்பாதியில் மட்டும் அமர்ந்து, இரு பாதங்களையும் தரையில் முழுமையாக ஊன்ற வேண்டும். இதை எனக்கு நினைவூட்ட யாரும் இல்லாததால், பலகையின் நடுவில் சிவப்பு நாடா ஒன்றை ஒட்டி, அதைத் தாண்டிப் பின்னால் அமர்வதில்லை என்று வைத்துக்கொண்டேன். மணிக்கட்டு வலி அதன்பின் திரும்பவில்லை.

விரல் பயிற்சிக்கு மேலைநாட்டுப் பயிற்சி நூல்களை நாடாமல், ஏற்கெனவே மனத்தில் பதிந்திருந்த, கர்நாடக இசையின் தொடக்கப் பாடமான சரளி வரிசையையே எடுத்துக்கொண்டேன். இந்தப் பதிவில் நான் மிகவும் வலியுறுத்த விரும்பும் பகுதி இதுதான். சி கட்டையை ஆதார சட்ஜமாக (ச) வைத்தால், சரளி வரிசைக்குரிய மாயாமாளவகௌளை ராகத்தின் சுரங்கள் சி, டி ஃபிளாட், ஈ, எஃப், ஜி, ஏ ஃபிளாட், பி என்று அமைகின்றன (ஃபிளாட் என்றால் கீழே அடுத்துள்ள கட்டை, ஷார்ப் என்றால் மேலே அடுத்துள்ள கட்டை). பியானோவில் பெருவிரல் 1, சுண்டுவிரல் 5 என்று விரல்களுக்கு எண் உண்டு. சி மேஜர் வரிசைக்கு, அதாவது நம் சங்கராபரணத்துக்கு, வழக்கமாகச் சொல்லப்படும் வலக்கை விரலமைப்பு 1, 2, 3, 1, 2, 3, 4, 5. இடக்கைக்கு 5, 4, 3, 2, 1, 3, 2, 1. அதே அமைப்பு மாயாமாளவகௌளைக்கும் அப்படியே பொருந்துகிறது, அதுவும் கூடுதல் வசதியோடு: இடக்கையின் நடுவிரல் பெருவிரலைக் கடந்து ஆறாம் சுரமான தைவதத்தில் விழும் இடத்தில் ஏ ஃபிளாட் என்ற கருப்புக் கட்டை உயர்ந்து நிற்பதால், கடப்பது எளிதாகிறது.

ஹார்மோனியத்தில் நான் பெருவிரலை அடியில் நுழைத்து வாசித்ததே இல்லை. கை முழுவதையும் தூக்கி இடம் மாற்றுவேன், துருத்தியின் காற்று அந்த இடைவெளியை மறைத்துவிடும். பியானோவில் அந்த இடைவெளி அப்படியே கேட்கும். ஆகவே நான்காம் சுரமான மத்தியமம் வருவதற்கு முன்பே, நடுவிரல் மூன்றாம் சுரமான காந்தாரத்தில் இருக்கும்போதே, பெருவிரல் உள்ளங்கையின் அடியில் நகர்ந்து தயாராக வேண்டும். சீரான தட்டை ஒலிக்கும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 50-இல் வைத்து, முதல் காலத்தில் தட்டுக்கு ஒரு சுரம், இரண்டாம் காலத்தில் இரண்டு, மூன்றாம் காலத்தில் நான்கு என வாசித்தேன். மூன்றாம் காலத்தில் நிமிடத்துக்கு 200 சுரங்கள் வருகின்றன. பெருவிரல் தாமதித்தால் மத்தியமம் மட்டும் தனியே அழுத்தம் பெற்று இடிக்கும். முதல் காலத்தில் அந்தக் குறை தெரியவே தெரியாது. மூன்று காலங்களையும் ஒரே அமர்வில் தொடர்ந்து வாசிக்கச் சொல்லும் நம் முறை, குறையைக் கண்டுபிடிக்கும் சோதனையாகவே பயன்பட்டது.

இரு கைகளையும் சேர்க்கும்போது வேறொரு சிக்கல் எழுந்தது. இரண்டும் சேர்ந்து ஏறும்போது வலக்கையின் பெருவிரல் நான்காம் சுரத்தில் நுழைகிறது, இடக்கையின் நடுவிரலோ ஆறாம் சுரத்தில் கடக்கிறது. இரண்டு வெவ்வேறு இடங்களில் இரண்டு வெவ்வேறு வேலைகள் என்பதால், ஒன்றைக் கவனித்தால் மற்றது தடுமாறியது. கைகளை எதிரெதிர்த் திசையில் செலுத்திப் பார்த்தபோது இது தீர்ந்தது. இடக்கையின் பெருவிரலை நடு சி-யிலும், வலக்கையின் பெருவிரலை அதற்கு மேலுள்ள சி-யிலும் வைத்து, வலக்கை ஆரோகணமும் இடக்கை அவரோகணமும் வாசித்தால் இரு கைகளிலும் 1, 2, 3, 1, 2, 3, 4, 5 என்று ஒரே விரல் ஒரே நேரத்தில் இயங்குகிறது. மாயாமாளவகௌளைக்கு இதில் ஒரு தனிச் சிறப்பும் உண்டு. அதன் சுர இடைவெளிகளை அரைச்சுரக் கணக்கில் (கருப்பும் வெள்ளையுமாக அடுத்தடுத்த இரு கட்டைகளின் இடைவெளி ஓர் அரைச்சுரம்) எழுதினால் 1, 3, 1, 2, 1, 3, 1 என்று வருகிறது. மேலிருந்து படித்தாலும் கீழிருந்து படித்தாலும் ஒன்றே. ஆகவே இரு கைகளும் ஒவ்வொரு அடியிலும் சம தொலைவு விலகுகின்றன. சங்கராபரணத்தில் ஏறும்போது 2, 2, 1, 2, 2, 2, 1 என்றும் இறங்கும்போது 1, 2, 2, 2, 1, 2, 2 என்றும் வருவதால் இந்தச் சமன் கிடைக்காது. தொடக்க மாணவருக்கு மாயாமாளவகௌளையை வகுத்தவர் புரந்தரதாசர் என்று வழிவழியாகச் சொல்கிறோம். அந்தத் தேர்வு பியானோவில் அமரும் இரு கைகளுக்கும் இவ்வளவு இணக்கமாக இருப்பது எனக்குப் பெரும் மகிழ்ச்சி தந்தது. எதிர்த்திசையில் மூன்று காலமும் சரளமான பிறகே ஒரே திசைக்குத் திரும்பினேன். அப்போது அது சில நாட்களில் வசப்பட்டது.

இசைக்குறிப்பைப் படிக்கும் கல்விக்கு நான் தாமதமாகவே வந்தேன். வண்ணக் கட்டங்கள் மேலிருந்து விழுந்து கட்டைகளைக் காட்டும் காணொளிகளைப் பார்த்து வாசிப்பது தொடக்கத்தில் விரைவாகப் பலன் தந்தது. ஆனால் ஓர் உருப்படியின் நடுவில் தடுமாறினால் அந்த இடத்திலிருந்து தொடங்க இயலவில்லை. எந்த விரலில் வாசிப்பது என்பதற்கும் அதில் வழிகாட்டல் இல்லை. ஐந்து கோட்டுக் குறிப்புக்கு மாறியபோது எல்லாக் கோடுகளையும் மனப்பாடம் செய்யாமல் மூன்று இடங்களை மட்டும் அடையாளமாகக் கொண்டேன்: மேல் ஐங்கோட்டில் கீழிருந்து இரண்டாம் கோடு ஜி, கீழ் ஐங்கோட்டில் மேலிருந்து இரண்டாம் கோடு எஃப், இரண்டுக்கும் நடுவில் தனிக் கோட்டில் நிற்கும் நடு சி. மற்றவற்றை இவற்றிலிருந்து எண்ணிக்கொண்டேன். பதிப்புரிமைக் காலம் முடிந்த இசைத்தாள்கள் ஐஎம்எஸ்எல்பி தளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. அவற்றை ஜெராக்ஸ் கடையில் ஏ3 தாளில் பெரிதாக்கி எடுத்துக்கொண்டால், கண்ணைச் சுருக்காமல் நிமிர்ந்து அமர்ந்து படிக்கலாம். விரல் எண் எழுதவும் இடம் கிடைக்கும்.

அம்மாபேட்டையில் மெட்ரோனோம் வைத்துப் பயிற்சி செய்வதில் ஓர் உள்ளூர்த் தடை உண்டு. எங்கள் வீட்டுக்குப் பின்தெருவில் விசைத்தறிகள் இரவிலும் ஓடுகின்றன. அவற்றின் தட்டலைக் கைப்பேசிச் செயலியில் தொடர்ந்து தட்டி அளந்தபோது நிமிடத்துக்கு 112 முதல் 116 வரை வந்தது. நான் 72-இலோ 80-இலோ வாசிக்கும்போது, அறியாமலே கை அந்தத் தறியின் நடையை நோக்கி விரைந்தது. பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்த ஒலி என்பதால் அது செவிக்குத் தனியாகத் தெரிவதேயில்லை. பதிவைக் கேட்கும்போதுதான் பின்னணியில் தறியும் முன்னணியில் அதைத் துரத்தும் கையும் ஒன்றாகப் புலப்பட்டன. காதை முழுவதும் மூடும் ஹெட்போன் வாங்கியபின் இது தீர்ந்தது. பி-45-இல் ஹெட்போன் துளை 6.3 மி.மீ. அளவுடையது, சாதாரண ஹெட்போனின் 3.5 மி.மீ. முனைக்கு மாற்றி முனை (அடாப்டர்) ஒன்று தேவை. இரவு நேரத்தில் வாசிப்பதால் ஹெட்போன் எப்படியும் வேண்டியதுதான்.

மினுவெட்டைத் தொடங்கியபோது முதல் வேலை பென்சிலால் விரல் எண் எழுதுவது. முதல் மெஷரில் டி-யை ஐந்தாம் விரலில் தொடங்கினால் அடுத்து வரும் ஜி, ஏ, பி, சி நான்கும் 1, 2, 3, 4 விரல்களில் கை நகராமலே விழுகின்றன. மூன்றாம் மெஷரில் பெருவிரல் சி-க்கு மாற வேண்டும். அங்கிருந்து ஜி வரை ஐந்து விரல்களும் வரிசையாக அமைகின்றன, இடையில் எஃப் ஷார்ப் நான்காம் விரலுக்கு வருகிறது. இவ்வாறு கை இடம் மாறும் ஒவ்வொரு இடத்திலும் எண்ணை வட்டமிட்டு எழுதினேன். ஒருமுறை எழுதிய விரலை வாசிக்கும்போது மாற்றுவதில்லை. மாற்ற வேண்டுமென்றால் முதலில் தாளில் அழித்து எழுதிவிட்டே மாற்ற வேண்டும் என்ற கட்டுப்பாடு மிகவும் உதவியது. அதற்கு முன், ஒவ்வொரு முறையும் வெவ்வேறு விரலில் வாசித்ததால் கைக்கு எதுவும் பழகாமலே இருந்தது.

நான்கு நான்கு மெஷர்களாகப் பிரித்து, கடைசிப் பகுதியிலிருந்து முன்னோக்கிக் கற்றேன். இப்படிக் கற்றால் வாசிக்க வாசிக்கத் தெரிந்த இடத்தை நோக்கிப் போகிறோம், தெரியாத இடத்தை நோக்கி அல்ல. ஒவ்வொரு பகுதியையும் அடுத்த பகுதியின் முதல் சுரத்தோடு சேர்த்தே முடித்தேன். இல்லையென்றால் இணைப்புகளில் கை நின்றுவிடுகிறது. வேகம் 52-இல் தொடங்கி நான்கு நான்காக ஏறியது. பிசகின்றி மூன்று முறை தொடர்ந்து வந்தால் ஒரு படி மேலே, இருமுறை பிசகினால் இரண்டு படி கீழே. இரண்டாம் பகுதியில் சி ஷார்ப் வந்து டி மேஜர் பக்கம் திரும்பும் இடம் மட்டும் 76-இலேயே பல வாரங்கள் நின்றது. வேகத்தைக் கூட்ட முயல்வதைவிட, அந்த மெஷர்களின் இடக்கையை மட்டும் தனியாக மனப்பாடம் செய்து, வலக்கையை வாயால் பாடிக்கொண்டே இடக்கையை வாசித்தது பலன் தந்தது. பஜனையில் பாடிப் பழகிய தொண்டை இங்கே கைக்குத் துணையாக வந்தது.

இதற்குப் பிறகு வந்த மிடி பதிவே, இத்தனை ஏற்பாடுகளிலும் மிகுந்த பயன் தந்தது என்று கருதுகிறேன். பிரிண்டருக்குப் போடும் அதே யூஎஸ்பி கேபிளால் பியானோவைப் பழைய மடிக்கணினியோடு இணைத்தால், ஒவ்வொரு கட்டையும் எப்போது அழுத்தப்பட்டது, எவ்வளவு நேரம் நீடித்தது, எவ்வளவு வலுவாக என்பன எல்லாம் எண்களாகப் பதிவாகின்றன. வலுவின் அளவு 1 முதல் 127 வரை. என் செவிக்கு மினுவெட்டு ஏறத்தாழச் சரியாகவே கேட்டது. எண்களைப் பார்த்தபோது இடக்கை 85 முதல் 95 வரையிலும், மெட்டை ஏந்த வேண்டிய வலக்கை 60 முதல் 75 வரையிலும் இருந்தது. துருத்தி போட்டுப் பழகிய கை ஓங்கியே விழுந்துகொண்டிருந்திருக்கிறது. இதற்கான பயிற்சியாக, வலக்கையை முழு ஒலியில் வாசித்துக்கொண்டே இடக்கை விரல்களைக் கட்டைகளின் மேல் ஒலியெழாமல் தொட்டு மட்டும் நகர்த்தினேன். பிறகு மிக மெல்லிய ஒலியை அதில் அனுமதித்தேன். வலக்கை 75-க்கு மேலும் இடக்கை 60-க்குக் கீழும் வந்தபின், அதே உருப்படி வேறொன்றாக ஒலித்தது. நேரக் கணக்கிலும் ஒன்று தெரிந்தது: எளிய மெஷர்களில் நான் மெட்ரோனோமை முந்துகிறேன், கடினமானவற்றில் பின்தங்குகிறேன், சராசரி மட்டும் சரியாக இருக்கிறது. செவியால் மட்டும் இதைக் கண்டுபிடித்திருக்க மாட்டேன்.

மினுவெட்டு ஓரளவு அமைந்த நிலையில், உண்மையான பியானோ ஒன்றில் அமரும் வாய்ப்பு ஏற்காட்டில் கிடைத்தது. என் அத்தை மகன் மேற்பார்வை செய்யும் காப்பித் தோட்டத்துப் பழைய வீட்டில் நிமிர்ந்த வகைப் பியானோ ஒன்று இருக்கிறது. உரிமையாளரின் அனுமதியோடு சில ஞாயிற்றுக்கிழமைகளில் மலையேறினேன். ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில், மூடுபனி வீட்டுக்குள்ளேயே வந்து போகும் இடம். ஈரத்தில் கம்பளித் துணியும் மரமும் ஊதிக் கட்டைகள் சிக்கிக்கொள்வதால், பெட்டியின் கீழ்ப்பகுதியில் ஒரு சிறிய பல்பை எரியவிட்டிருக்கிறார்கள். “மழை மாசத்துல இந்த நாலஞ்சு கட்டை அமுக்கினா எந்திரிக்கவே எந்திரிக்காது மச்சான், பல்பு போட்டு வச்சாத்தான் வேலைக்கு ஆகும்” என்றார் அவர். சுருதி அளக்கும் செயலியை வைத்துப் பார்த்தபோது, 440 ஹெர்ட்ஸில் ஒலிக்க வேண்டிய ஏ 425-இல் நின்றது. ஏறத்தாழ 60 சென்ட், அதாவது அரைச்சுரத்தில் பாதிக்கும் மேல் இறக்கம். அதைத் திருத்த நான் கை வைக்கவில்லை. 200-க்கும் மேற்பட்ட கம்பிகள் பல டன் மொத்த இழுவிசையில் நிற்கும் கருவி அது. சுருதி கூட்டுபவருக்கு உரிய வேலை.

அங்கே மினுவெட்டு பல இடங்களில் உடைந்தது. மெல்ல அழுத்தினால் சுத்தியல் கம்பி வரை போகாமல் கட்டை மட்டும் ஒலியின்றி இறங்கியது. டிஜிட்டல் கருவியில் மெல்ல அழுத்தினாலும் பெரும்பாலும் ஏதோ ஒரு ஒலி வந்துவிடும் என்பதால், இடக்கையை அடக்கப் பழகிய நான் அதை விரலின் வலுவிழப்பாகவே பழக்கியிருந்தேன் என்பது அங்கேதான் விளங்கியது. மெல்லொலிக்கும் கட்டையின் அடிவரை போகிற உறுதி வேண்டும், வேகம் மட்டுமே குறைய வேண்டும். சேலம் திரும்பியதும் பி-45-இன் தொடு உணர்வு அமைப்பை நடுத்தரத்திலிருந்து கடினத்துக்கு மாற்றினேன். அதே ஒலியளவுக்குக் கூடுதல் வேகம் தேவைப்படும் இந்த அமைப்பில் மிடி எண்களைப் புதிதாகச் சமன் செய்ய வேண்டியிருந்தது. அதன்பின் ஏற்காட்டில் வாசித்தபோது ஒலியிழந்த சுரங்கள் வெகுவாகக் குறைந்தன.

செலவை ஒரே இடத்தில் தருகிறேன்: பியானோ ரூ.24,000, தாங்கி ரூ.2,600, இருக்கை ரூ.1,700, ஹெட்போன் ரூ.2,200, மாற்றி முனை ரூ.60, கேபிள் ரூ.180, பெடல் நழுவாமலிருக்க ரப்பர் விரிப்பு ரூ.250, ஜெராக்ஸ், பென்சில் முதலியன ரூ.400, ஆக மொத்தம் ரூ.31,390.

மறுபடி தொடங்குவதாயிருந்தால் தாங்கியையும் இருக்கையையும் கருவி வாங்கும் முன்பே செய்து வைத்திருப்பேன். மிடி பதிவை முதல் மாதத்திலேயே தொடங்கியிருப்பேன். சரளி வரிசையையும் எதிர்த்திசைப் பயிற்சியையும் அப்படியே வைத்துக்கொள்வேன். விழும் கட்டக் காணொளிகளைத் தவிர்ப்பேன். பயிற்சி பெற்ற பியானோ கலைஞர் ஒருவரிடம் ஆண்டுக்கு ஓரிரு மணி நேரமாவது கையைக் காட்ட வேண்டும் என்றும் நினைக்கிறேன். கேமராவுக்கும் எண்களுக்கும் தெரியாதவை தோளிலும் மூச்சிலும் இருக்கின்றன, அவற்றைக் காண இன்னொரு மனிதரின் கண் வேண்டும்.

இப்போது நடப்பது பெடல் பயிற்சி. மினுவெட்டுக்குப் பெடல் தேவைப்படவில்லை. அடுத்து எடுக்கவிருக்கும் மெதுவான உருப்படிக்குத் தேவை. புதிய சுரக்கூட்டு ஒலிக்கும் அதே கணத்தில் பாதத்தைத் தூக்கி, அது ஒலித்த பின்பே மீண்டும் மிதிக்க வேண்டும். கையோடு சேர்ந்து பாதமும் இறங்கிவிடும் இயல்பை முறிக்க, மெட்ரோனோமை 40-இல் வைத்து, கை முதல் தட்டிலும் பாதம் இரண்டாம் தட்டிலும் என்று பிரித்து வாசிக்கிறேன். சிறிய சதுரப் பெடல் ரப்பர் விரிப்பின் மேலும் மெல்ல முன்னகர்வதால், அதை 40 செ.மீ. பலகையில் திருகி, பலகையின் பின்விளிம்பைத் தாங்கியின் கீழ்க் குறுக்குக் குழாயில் முட்டும்படி அமைக்கத் தச்சரிடம் அளவு கொடுத்திருக்கிறேன்.